தொகுதி எல்லை மாறப்போகிறதாமே? – டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் பக்கம் மனு எழுதிக் கொடுப்பவன் நான். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பயிர்க் காப்பீடு என்று வருகிறவர்கள் இப்போதெல்லாம் தொகுதி மறுவரையறையைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லைக் கோட்டில் நம்மைப் போன்றவர்கள் கை வைக்க முடிகிற காலம் மிகக் குறுகியது. வரைவு வெளியாகும் நாளில் தொடங்கி இறுதி ஆணைக்கு முன்பே அது முடிந்துவிடும். அந்த நேரத்தில் டெல்டா தயாராக இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொகுதி மறுவரையறைன்னா என்னங்க? சுருக்கமா சொல்லுங்க.

ஒரு எம்.பி.க்கோ எம்.எல்.ஏ.வுக்கோ எந்தெந்த ஊர் என்று பிரிக்கும் எல்லையை, மக்கள்தொகைக்கு ஏற்ப மறுபடி வரைவதுதான் இது. ஒரு தொகுதியில் பத்து லட்சம் பேர், இன்னொன்றில் இருபது லட்சம் பேர் என்று இருந்தால் இரண்டு இடத்து ஓட்டுக்கும் ஒரே மதிப்பு இருக்காது. அதைச் சரிசெய்வதுதான் நோக்கம். மக்களவைக்கு அரசியலமைப்பின் 82-ஆவது பிரிவும் சட்டமன்றத்துக்கு 170-ஆவது பிரிவும் இதற்கு அடிப்படை.

இதில் இரண்டு தனி வேலைகள் இருக்கின்றன. எந்த மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்று பங்கிடுவது ஒன்று. அந்த மாநிலத்துக்குள் எல்லை வரைவது இன்னொன்று. பேச்சில் இரண்டும் கலந்துவிடுகின்றன. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றித்தான் சொல்கிறேன், ஏனென்றால் மனு போட்டு மாற்றக்கூடியது அதுதான்.

யார் செய்யுறது இதை? கலெக்டரா, தேர்தல் கமிஷனா?

இரண்டும் இல்லை. இதற்கென்று மறுவரையறை ஆணையம் என்று ஒன்றை அமைப்பார்கள். இதுவரை 1952, 1963, 1973, 2002 என நான்கு முறை அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றம் அதற்குத் தனியாக ஒரு சட்டம் போட்டது. கடைசிச் சட்டம் 2002-இல் வந்தது. அதன்படி அமைந்த ஆணையத்துக்கு உச்ச நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி குல்தீப் சிங் தலைவர். தலைமைத் தேர்தல் ஆணையர் அல்லது அவர் நியமிக்கும் தேர்தல் ஆணையர் ஒருவரும், அந்தந்த மாநிலத்தின் மாநிலத் தேர்தல் ஆணையரும் உறுப்பினர்கள்.

கலெக்டர் அலுவலகம் தகவலும் வரைபடமும் தரும். முடிவெடுக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அடுத்த ஆணையத்துக்கும் புதுச் சட்டம் வர வேண்டும். கீழே நான் சொல்லும் நடைமுறை 2002 சட்டத்தில் உள்ளது. புதுச் சட்டம் வந்தால் அதை ஒரு முறை படித்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்பவே வருதா? எப்போ வரும்?

1976-இல் 42-ஆவது திருத்தம் வந்து, 1971 கணக்கெடுப்பின்படி இருந்த இடங்களின் எண்ணிக்கையை அப்படியே நிறுத்தி வைத்தது. 84-ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை, 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டியது. அதனால்தான் 2002 சட்டப்படி அமைந்த ஆணையத்தின் ஆணையால் 2008-இல் தமிழ்நாட்டுக்குள் எல்லைகள் மாறியும் 39 எம்.பி., 234 எம்.எல்.ஏ. என்ற எண்ணிக்கை மாறவில்லை. எல்லை வரைய மட்டும் 2001 கணக்கெடுப்பைப் பயன்படுத்திக்கொள்ள 87-ஆவது திருத்தம் இடம் கொடுத்தது.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று அறிவித்திருக்கிறார்கள். நாடாளுமன்றம் இடையில் எதையும் திருத்தாவிட்டால், அந்தக் கணக்கு வெளிவந்த பிறகுதான் எல்லை வரையும் வேலை தொடங்கும்.

எஸ்.ஐ.ஆர்.னு ஃபார்ம் எழுதிக் கொடுத்தோமே, அது இதுக்குத்தானா?

இல்லை. 2025 நவம்பரில் வீட்டுக்கு வந்து படிவம் கொடுத்தது வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம். மறுவரையறைக்கு எடுப்பது வாக்காளர் எண்ணிக்கையை இல்லை, மொத்த மக்கள்தொகையை. கைக்குழந்தையும் அதில் ஒரு தலைதான்.

எங்க பையன் திருப்பூர்ல வேலை பாக்குறான், பொண்ணு சிங்கப்பூர்ல. அவங்க எந்தக் கணக்குல வருவாங்க?

கணக்கெடுப்பு, ஆள் வழக்கமாக வசிக்கும் இடத்தைத்தான் பார்க்கும். திருப்பூரிலேயே தங்கி வேலை பார்ப்பவர் திருப்பூர்க் கணக்கில் சேருவார். வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே எந்தக் கணக்கிலும் வரமாட்டார். சொந்த ஊரில் ஓட்டு இருந்தாலும் இதுதான் நிலைமை.

டெல்டாவுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. பயிர் பொய்த்துப் பொய்த்து ஆட்கள் வெளியே போன ஊர்கள் இங்கே ஏராளம். அந்த இழப்பு அடுத்த கேள்விகளில் எண்ணாகவே தெரியும்.

மன்னார்குடி திருவாரூர் மாவட்டம்தானே? எங்களுக்கு ஏன் தஞ்சாவூர் எம்.பி.?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். இதற்கு அரசியல் காரணம் தேட வேண்டியதில்லை, கணக்கே பதில் சொல்லிவிடுகிறது. 2001-இல் தமிழ்நாட்டு மக்கள்தொகை 6.24 கோடி. அதை 234-ஆல் வகுத்தால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாக 2.67 லட்சம் பேர். அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் சுமார் 22.2 லட்சம் பேர், திருவாரூரில் 11.7 லட்சம், மயிலாடுதுறையும் சேர்ந்திருந்த நாகப்பட்டினத்தில் 14.9 லட்சம். வகுத்துப் பாருங்கள்: தஞ்சாவூருக்கு 8, திருவாரூருக்கு 4, நாகைக்கு 6. மொத்தம் 18 சட்டமன்றத் தொகுதிகள்.

தமிழ்நாட்டில் ஒரு எம்.பி. தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஆக 18-க்கு மூன்று எம்.பி. வடகிழக்கில் சீர்காழி, மயிலாடுதுறை, பூம்புகார் என்று மூன்றுதான் இருந்தன. ஆறாக்க, தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் மூன்றும் அங்கே போயின. இதனால் எட்டில் ஐந்துதான் தஞ்சாவூருக்கு மிஞ்சியது: தஞ்சாவூர், திருவையாறு, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி. ஆறாவதாகப் பக்கத்திலிருந்த மன்னார்குடி வந்து சேர்ந்தது. திருவாரூர் மாவட்டத்தின் மீதி மூன்றான திருவாரூர், நன்னிலம், திருத்துறைப்பூண்டியும், நாகை, கீழ்வேளூர், வேதாரண்யமும் சேர்ந்து நாகப்பட்டினம் தொகுதி ஆனது.

ஒரு மடையை அடைத்தால் அடுத்த வயலில் தண்ணீர் ஏறுகிற மாதிரிதான் இது. மன்னார்குடியைத் திருவாரூரோடு சேர்க்கச் சொன்னால், நாகைத் தொகுதியிலிருந்து எதை எடுப்பது, தஞ்சாவூருக்கு எதைக் கொடுப்பது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். பின்னால் மனு எழுதுவதைப் பற்றிச் சொல்லும்போது இதையே பிடித்துக்கொண்டு பேசுவேன்.

குத்தாலம் தொகுதின்னு ஒண்ணு இருந்துச்சே, எங்க போச்சு? வலங்கைமானும் காணோம்?

இரண்டும் 2008 ஆணையில் நீக்கப்பட்டன, கூடவே திருவோணமும் போனது. புதிதாக வந்தது கீழ்வேளூர் ஒன்றுதான். குத்தாலம் பகுதி மயிலாடுதுறைக்கும் பூம்புகாருக்கும் பிரிந்தது. வலங்கைமான் வட்டம் நன்னிலத்துக்குப் போனது. திருவோணம் அக்கம்பக்கத்துத் தொகுதிகளில் கலந்தது. மொத்த எண்ணிக்கை 234-இலேயே நின்றதால், மக்கள் பெருகிய சென்னைப் புறநகரில் சோழிங்கநல்லூர், மதுரவாயல், ஆவடி என்று புதுத் தொகுதிகள் முளைக்க, நம் பக்கம் குறைந்தது. முன் பதிலில் சொன்ன இழப்பு இதுதான். நெல் விளைவிக்கிற ஊர்களின் குரல், ஆள் குறைந்ததால் சட்டமன்றத்திலும் குறைகிறது என்பதை ஒரு டெல்டாக்காரனாக என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பக்கத்தில் புதுக்கோட்டைக்கு நடந்தது இதைவிடப் பெரிது. எம்.பி. தொகுதியே இல்லாமல் போனது. இன்று அந்த மாவட்டத்தின் புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியில், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில், அறந்தாங்கி ராமநாதபுரத்தில், விராலிமலை கரூரில். ஒரு மாவட்டத்துக்கு நாலு எம்.பி. இருந்தும் தங்கள் மாவட்டத்தின் பெயரில் ஒருவர்கூட இல்லை. மாவட்டத் தலைநகரத்துக்கு ஒரு ரயில் வேண்டுமென்றாலும், அறந்தாங்கிக்காரர் தன் எம்.பி.யைத் தேடி வேறு மாவட்டத்துப் பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது. எண்ணைச் சமமாக்குவதிலேயே கண்ணாக இருந்தால் ஊர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆயிடுச்சே. தொகுதியும் மாறிடுச்சா?

மாறவில்லை. 2020 டிசம்பர் 28 முதல் மாவட்டம் தனி. எம்.பி. தொகுதி 2008-இல் வரைந்தபடியேதான் இருக்கிறது. மாவட்டம் பிரிப்பது மாநில அரசின் நிர்வாக வேலை, தொகுதி எல்லை அதோடு தானாக நகராது. ஆனால் அடுத்த ஆணையம் மாவட்டத்தை அலகாக எடுத்தால் மயிலாடுதுறை, நாகை இரண்டையும் தனித்தனியாகத்தான் வகுக்க வேண்டிவரும். அப்போது மன்னார்குடிக் கணக்கு முழுவதும் புதிதாகப் போடப்படும்.

நாகப்பட்டினம் மட்டும் ஏன் எப்பவும் தனித்தொகுதி? பஞ்சாயத்துல சுழற்சி இருக்கே, இதுல கிடையாதா?

கிடையாது. உள்ளாட்சியில் ஒதுக்கீடு சுழலும். மக்களவையிலும் சட்டமன்றத்திலும் பட்டியல் சாதியினருக்கான இடங்களுக்கு அப்படி ஒரு விதி இல்லை. 2001-இல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அவர்கள் 19 சதவீதம். 39-இல் 19 சதவீதம் என்றால் 7.4, அதனால் 7 எம்.பி. இடங்கள். எந்த இடம் என்பதற்குச் சட்டம் இரண்டு அளவுகோல் சொல்கிறது: அவர்களின் விகிதம் ஒப்பீட்டளவில் அதிகமாக உள்ள பகுதியாக இருக்க வேண்டும், ஒரே மூலையில் குவியாமல் மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவியிருக்க வேண்டும். கீழத்தஞ்சையில் அந்த விகிதம் அதிகம் என்பதால் நாகை 2008-க்கு முன்பும் தனித்தொகுதி, பின்பும் தனித்தொகுதி. கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரமும் அப்படியே.

எல்லை மாறினால் விகிதமும் மாறும், அதனால் ஒதுக்கீடு இடம் மாறவும் வாய்ப்பு உண்டு. 2023-இல் வந்த 106-ஆவது திருத்தத்தின் பெண்கள் ஒதுக்கீடு வேறு மாதிரி. மூன்றில் ஒரு பங்கு இடம், ஒவ்வொரு மறுவரையறைக்குப் பிறகும் சுழற்சி என்று அதில் எழுதியிருக்கிறது.

வரைவு வந்தா நமக்கு எப்படித் தெரியும்? அதுல என்ன இருக்கும்?

மத்திய அரசிதழிலும் மாநில அரசிதழிலும் வெளியிட வேண்டும் என்பது சட்டம். செய்தித்தாளிலும் இணையத்திலும் வரும். ஒவ்வொரு தொகுதிக்கு நேராகவும் வட்டம், கிராமம், பேரூராட்சி, நகராட்சி வார்டு என்று பட்டியல் இருக்கும். ஒரு வட்டத்தின் பாதிதான் வந்திருந்தால் ‘பகுதி’ என்று போட்டுக் கிராமப் பெயர்களை அடுக்கியிருப்பார்கள். உங்கள் ஊரை மட்டும் தேடிவிட்டு மூடி வைக்காதீர்கள். உங்கள் குறுவட்டத்தில் (பிர்க்கா, வட்டத்தின் உட்பிரிவு) உள்ள அத்தனை வருவாய் கிராமங்களும் ஒரே பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரச்சினை எப்போதும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஆட்சேபனைக்குக் கடைசித் தேதியும் அதிலேயே இருக்கும். அதற்குள் வந்தவற்றைப் பரிசீலிப்பது ஆணையத்தின் கடமை, மாநிலத்தில் ஓர் இடத்திலாவது பொது அமர்வும் நடத்தியாக வேண்டும். அமர்வு தஞ்சாவூரில் நடக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம். முதலில் எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

நாம எழுதினா மாத்தவா போறாங்க?

மாற்றியிருக்கிறார்கள். ஜம்மு காஷ்மீரில் 2022-இல் தந்த முதல் வரைவில் ஶ்ரீநகரின் ஹப்பா கதல் தொகுதி காணாமல் போயிருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு திரும்ப வந்தது. அசாமில் 2023 ஜூன் 20-இல் வரைவு, ஜூலையில் குவாஹாத்தியில் பொது அமர்வு, ஆகஸ்ட் 11-இல் இறுதி ஆணை. அதில் 19 சட்டமன்றத் தொகுதிகளின் பெயரும் ஒரு மக்களவைத் தொகுதியின் பெயரும் மாற்றப்பட்டன. தேதிகளைக் கவனியுங்கள். வரைவுக்கும் ஆணைக்கும் நடுவே முழுதாக இரண்டு மாதம்கூட இல்லை.

மாறாததும் உண்டு. அதே ஜம்மு காஷ்மீரில், பீர் பஞ்சால் மலைத்தொடருக்கு இரண்டு பக்கமும் இருக்கும் அனந்தநாகையும் ரஜௌரியையும் ஒரே எம்.பி. தொகுதியாக்கியதைப் பலர் எதிர்த்தார்கள். இறுதி ஆணையிலும் அது அப்படியே நின்றது. பெயரை மாற்றுவது எளிது, ஒரு கிராமத்தை நகர்த்துவது நடக்கக்கூடியது, ஒரு தொகுதியின் அமைப்பையே கலைப்பது மிகக் கடினம். எந்தப் படியில் கேட்கிறோம் என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

சரி, மனுவை எப்படி எழுதுறது?

“எங்கள் ஊரைப் பிரிக்காதீர்கள்” என்று மட்டும் எழுதினால் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆணையம் ஒன்றும் செய்ய முடியாது. சட்டத்தின் 9-ஆவது பிரிவு சொல்லும் காரணங்களைப் பிடியுங்கள்: தொகுதி நிலப்பரப்பில் ஒட்டியிருக்க வேண்டும், இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்கள் வசதி இவற்றைக் கருத வேண்டும். நம் ஊரில் இயற்கை அமைப்பு என்றால் ஆறுதான். கொள்ளிடத்தின் அக்கரைக் கிராமத்தை இக்கரையோடு சேர்த்தால், எந்தப் பாலம் வழியாக, எத்தனை கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டும் என்று எழுதுங்கள். ஒரே வாய்க்காலின் கடைமடைக் கிராமங்கள் இரண்டு தொகுதியாகப் பிரிந்தால், எந்த வாய்க்கால், எந்தெந்தக் கிராமம் என்று பெயர் சொல்லுங்கள். வெள்ளத்திலும் வறட்சியிலும் ஒரே கஷ்டத்தைப் படுகிற ஊர்கள் ஒரே பிரதிநிதியிடம் பேச வேண்டும் என்பது மக்கள் வசதிக்குள் வருகிற நியாயமான வாதம்.

அடுத்தது எண். 2002 ஆணையம் சராசரிக்குப் பத்து சதவீதம் மேலேயோ கீழேயோ போக இடம் வைத்திருந்தது. சராசரி 2.67 லட்சம் என்றால் 2.40 லட்சத்திலிருந்து 2.93 லட்சம் வரை இருக்கலாம். ஒரு பேச்சுக்கு, உங்கள் குறுவட்டத்தில் 20,000 பேர், அதை ‘அ’ தொகுதியிலிருந்து ‘ஆ’ தொகுதிக்கு மாற்றக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘அ’வில் 2.70 லட்சம், ‘ஆ’வில் 2.60 லட்சம் இருந்தால், மாற்றிய பிறகு 2.50, 2.80. இரண்டும் வரம்புக்குள் நிற்கின்றன, இதை மனுவிலேயே போட்டுக் காட்டுங்கள். ‘ஆ’வில் ஏற்கெனவே 2.85 லட்சம் இருந்தால் அது 3.05 ஆகி வரம்பைத் தாண்டும். அப்போது ‘ஆ’விலிருந்து எந்தக் கிராமங்களை வேறு எங்கே அனுப்பலாம் என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். கிராமவாரி எண்ணிக்கை கணக்கெடுப்பு வெளியீட்டில் கிடைக்கும். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கிராம எல்லையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஒரு சட்டமன்றத் தொகுதி முழுவதும் ஒரே எம்.பி. தொகுதிக்குள் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். “எம்.எல்.ஏ. அவரே இருக்கட்டும், எம்.பி. மட்டும் மாறட்டும்” என்று ஒரு கிராமத்துக்காகக் கேட்கவே முடியாது.

எங்க எம்.எல்.ஏ. அந்தக் கமிட்டியில இருந்தா அவரே பாத்துக்குவாரே?

தமிழ்நாடு மாதிரி பெரிய மாநிலத்துக்கு ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. என்று ஆணையத்துக்குத் துணையாகப் பத்து இணை உறுப்பினர்கள். நீங்கள் கமிட்டி என்பது இவர்களைத்தான். சபாநாயகர்கள் நியமிப்பார்கள். அவர்கள் கூட்டத்தில் பேசலாம், மாற்று யோசனை தரலாம், விரும்பினால் அந்த மாற்று யோசனை வரைவோடு சேர்ந்து வெளிவரும். ஓட்டுப் போடும் உரிமையோ கையெழுத்திடும் உரிமையோ அவர்களுக்குக் கிடையாது. 39 எம்.பி.யில் ஐந்து பேர் என்றால் டெல்டாவிலிருந்து ஒருவராவது இருப்பார் என்ற உறுதியும் இல்லை. அவரிடமும் ஒரு நகல் கொடுங்கள், ஆணையத்துக்கும் நேராக அனுப்புங்கள்.

ஆர்டர் வந்த பிறகு கோர்ட்டுக்குப் போகலாமா?

அந்தக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. இறுதி ஆணைக்குச் சட்டத்தின் வலு உண்டு. அரசியலமைப்பின் 329-ஆவது பிரிவு நீதிமன்றத் தலையீட்டைத் தடுக்கிறது, 1966-இல் மேகராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மக்களவையிலும் சட்டமன்றத்திலும் ஆணையை வைப்பார்கள், ஆனால் அவர்களாலும் ஒரு எழுத்தைத் திருத்த முடியாது. அப்பட்டமாகத் தன்னிச்சையானதாகவும் அரசியலமைப்பு விழுமியங்களுக்கு ஒவ்வாததாகவும் இருக்கும் ஆணையை நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு குறுவட்டம் தப்பான பக்கம் போய்விட்டது என்பது அந்த அளவுக்கு எட்டாது. வரைவுக் காலத்தை விட்டால் அடுத்த மறுவரையறை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தமிழ்நாட்டுக்கே சீட்டு குறையுதுங்கறாங்க. அதுக்கும் இதே மனுதானா?

இல்லை. அது முதல் பதிலில் சொன்ன இரண்டு வேலைகளில் முதலாவது. நாடாளுமன்றத்தில் தீர வேண்டியது. இதற்கு முன்பும் நமக்கு அடிபட்டிருக்கிறது: 1962-இல் 41 ஆக இருந்த எம்.பி. எண்ணிக்கை 1967 தேர்தலில் 39 ஆனது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதனாலேயே பலம் இழப்பது அநியாயம் என்பதுதான் என் கருத்தும். 2025 மார்ச்சில் சென்னையில் நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டம், 1971 அடிப்படையையே இன்னும் 30 ஆண்டுகளுக்கு நீட்டக் கேட்டது. அந்தப் போராட்டம் நடக்கட்டும். அது எப்படி முடிந்தாலும் மாநிலத்துக்குள் எல்லை வரைவது ஒருநாள் வந்தே தீரும். ஒன்றுக்காக மற்றதைக் கவனிக்காமல் விடக் கூடாது.

எம்.பி. தொகுதி மாறினா ரேஷன் கடை, தாலுகா ஆபீஸ், ஆத்துத் தண்ணி இதெல்லாம் மாறுமா?

எதுவும் மாறாது. வட்டாட்சியர் அலுவலகமும் ரேஷன் கடையும் மாவட்ட நிர்வாகத்தைச் சேர்ந்தவை. தண்ணீர் முறை நீர்வளத் துறையின் பொறுப்பு. ஆனால் தூர்வாரும் நிதிக்காகவோ ரயில் நிறுத்தத்துக்காகவோ யார் வாசலில் போய் நிற்பது என்பது மாறும்.

ஆர்டர் வந்த மறுநாளே இப்ப இருக்கிற எம்.பி. போயிடுவாரா?

போகமாட்டார். நடப்பு மக்களவை கலையும் வரை பழைய எல்லைதான், நடுவில் இடைத்தேர்தல் வந்தாலும் பழைய எல்லையில்தான் நடக்கும். 2008 பிப்ரவரி 19-இல் நடைமுறைக்கு வந்த ஆணை, தமிழ்நாட்டில் மக்களவைக்கு 2009-இலும் சட்டமன்றத்துக்கு 2011-இலும்தான் பயன்பட்டது.